சோதனைப் பதிப்பை எடுப்பதா வேண்டாமா என்பதை எங்களிடம் விடுங்கள்

எங்கள் கடையில் ஓடும் லினக்ஸ் விநியோகத்தின் பேக்கேஜ் மேனேஜரைப் பராமரிக்கும் குழுவினருக்கு,

கும்பகோணத்தில் ஒரு சின்ன டிடிபி சென்டர் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், பில் புக், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எப்போதாவது யாராவது ஊர் வரலாறு எழுதிக்கொண்டு வந்தால் ஒரு புத்தகம், இதுதான் வேலை. கடைக் கணினிகள் எல்லாமே உங்கள் விநியோகத்தில்தான், அதாவது நீங்கள் தொகுத்துத் தரும் லினக்ஸ் இயங்குதளத்தில்தான் ஓடுகின்றன; எந்த மென்பொருளை நிறுவினாலும் உங்கள் பேக்கேஜ் மேனேஜர் வழியாகத்தான். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. உங்களைச் சந்திக்கு இழுப்பது என் நோக்கம் இல்லை; படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

சென்ற பெரிய வெளியீட்டில் மென்பொருள் மையத்திலிருந்து ஒரு வசதியை எடுத்துவிட்டீர்கள். ஒரு மென்பொருளின் பக்கத்தில், நிலையான பதிப்புக்குக் கீழே, சோதனைப் பதிப்பு (இறுதி வெளியீட்டுக்கு முன் பார்க்கத் தருவது) ஏதாவது இருந்தால் அதையும் காட்டும்; வேண்டுமானால் அதை நிறுவிக்கொள்ளலாம். இப்போது அது இல்லை. கட்டளை வரியில் ஒரு பேக்கேஜுக்கு (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருளுக்கு) மட்டும் சோதனைப் பதிப்பைக் கேட்டாலும் மறுக்கிறது. திருப்பித் தாருங்கள் என்று கோரிக்கை வைத்தேன். சாதாரணப் பயனருக்கு இது குழப்பம் தரும், வேண்டியவர்கள் எல்லாச் சோதனைப் பதிப்புகளும் இருக்கும் சோதனைக் களஞ்சியம் முழுவதையும் இயக்கிக்கொள்ளலாம் என்ற பொருளில் இரண்டு வரி எழுதிக் கோரிக்கையை மூடிவிட்டீர்கள். அந்த இரண்டு வரியையும் என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் சாதாரணப் பயனர் யார் என்பதிலிருந்து தொடங்குகிறேன். பக்க வடிவமைப்புக்கு லினக்ஸில் எங்களைப் போன்றவர்கள் நம்பியிருப்பது ஸ்கிரைபஸை. அச்சுக்குத் தேவையான சிஎம்ஒய்கே நிறம், கலர் செபரேஷன், பிளேட் போடுகிறவர் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும் பிடிஎஃப், எல்லாம் அதில் உண்டு. ஆனால் அதன் 1.4 வரிசைக்கு யூனிகோட் தமிழை ஒழுங்காக அடுக்கத் தெரியாது. பல ஆண்டுகள் 'நிலையானது' என்ற முத்திரையோடு உங்கள் களஞ்சியத்தில் இருந்தது அந்த வரிசைதான். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். 'திருநிறைச்செல்வி' என்ற ஒரு சொல் போதும், இரண்டு இடத்தில் உடையும். அந்தச் சொல் இல்லாமல் ஒரு கல்யாணப் பத்திரிகை அடித்துக் காட்டுங்கள் பார்க்கலாம்.

இது தீர்ந்தது 2017-இல் வந்த 1.5.3 பதிப்பில். எழுத்துகளை வரியில் அடுக்கும் பகுதியையே புதிதாக எழுதி, ஒவ்வொரு மொழியின் எழுத்தையும் அதற்கேற்ப வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் நிரலகத்தை (மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை) உள்ளே கொண்டுவந்தார்கள். ஓமன் நாட்டுத் தன்னார்வலர்கள் சிலர் அரபி எழுத்துக்காகச் செய்த உழைப்பு அது. பலன் தமிழுக்கும் வந்தது. (எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பேர் வளைகுடாவில் இருக்கிறார்கள். ஓமனிலிருந்து மணியார்டர்தான் வரும் என்று நினைத்திருந்தோம், ஒற்றைக்கொம்பும் வந்தது.)

ஆனால் ஸ்கிரைபஸ்காரர்கள் கணக்கில் நடு எண் ஒற்றைப்படையாக இருந்தால் அது வளர்ச்சி வரிசை. 1.5 முழுவதும் அப்படித்தான். நிலையான 1.6 வந்தது 2024 தொடக்கத்தில். இடையில் ஆறு ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. அந்தக் காலம் முழுவதும் தமிழ் தெரிந்த ஸ்கிரைபஸ் எல்லாம் சோதனைப் பதிப்பு, நிலையான ஸ்கிரைபஸ் எல்லாம் தமிழ் தெரியாதது. ஆங்கிலத்தில் துண்டறிக்கை போடுகிறவருக்கு 1.4 தாராளமாகப் போதும். எங்களுக்கு அது நிரந்தரப் பழுது. சில விநியோகங்கள் இதைப் பார்த்து 1.5-ஐயே தங்கள் முதன்மைப் பேக்கேஜாக வைத்தன. அது அந்தந்தப் பராமரிப்பாளரின் நல்ல மனசு. நான் உங்களிடம் அவ்வளவுகூடக் கேட்கவில்லை. நிலையானதை நிலையானதாகவே வையுங்கள்; பக்கத்தில் இன்னொரு கதவு இருக்கட்டும் என்கிறேன். அந்த ஆண்டுகளில் நாங்கள் உங்கள் விநியோகத்திலேயே தாக்குப்பிடித்ததற்கு இப்போது நீங்கள் எடுத்துவிட்ட அந்த வசதிதான் காரணம்.

நிலைத்தன்மைதான் எல்லாவற்றுக்கும் மேல் என்றால் எங்கள் ஊரில் அதற்கு வேறு ஆள் இருக்கிறது. 2001-இல் வந்த பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள். அதற்குப் பிறகு பெரிய புதுப் பதிப்பு எதுவும் கிடையாது. டெல்டாவில் எத்தனையோ அச்சகங்களில் இன்றும் காப்பியடித்த விண்டோஸில், பாமினி, வானவில் மாதிரியான பழைய எழுத்துருக்களோடு அது ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் அடித்ததை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்தும் அச்சகத் தொழில் அங்கேயே நிற்பதற்கு ஒரு காரணம், யூனிகோட் தமிழை நம்பி அச்சுக்கு அனுப்பக்கூடிய மென்பொருள் கையில் கிடைக்கத் தாமதமானது. அந்தத் தாமதத்தில் மென்பொருள் எழுதியவர்களுக்கு ஒரு பங்கு உண்டு. எழுதி முடித்ததைக் கொண்டுவந்து சேர்க்காமல் வைத்திருந்தவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

சரி, 1.6 வந்துவிட்டதே, இனி என்ன என்று கேட்பீர்கள்.

கடையில் அன்றாடம் பயன்படுத்தும் வேறொரு மென்பொருள். தவறு அவர்களுடையது இல்லை என்பதால் பெயர் வேண்டாம். அதன் புதுப் பதிப்பில் தடித்த எழுத்தில் தமிழை பிடிஎஃப் ஆக்கினால் மெய்யெழுத்தின் புள்ளி கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்து அடுத்த எழுத்தின் தலையில் உட்கார்ந்தது. திரையில் எல்லாம் ஒழுங்காக இருக்கும், பிடிஎஃபில்தான் கோளாறு. ஒரு கும்பாபிஷேகப் பத்திரிகை, அதில் தலைப்பெல்லாம் தடித்த எழுத்து. புரூஃப் பார்த்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிளேட் போடும் முன் பிடித்துவிட்டதால் பிழைத்தோம்.

அந்தக் கோளாறு இறுதி வெளியீட்டில் புதிதாக முளைத்தது இல்லை. அதற்கு முந்தைய ஆர்சி (ரிலீஸ் கேண்டிடேட், இறுதி வெளியீட்டுக்கான ஒத்திகை) பதிப்பிலேயே இருந்திருக்கிறது. ஆர்சி என்று ஒன்றை வெளியிடுவதே யாராவது எடுத்துப் பார்த்துக் குறை சொல்லட்டும் என்பதற்காக. ஆங்கிலத்துக்கு மெய்யெழுத்துப் புள்ளி கிடையாது, ஜெர்மனுக்கும் கிடையாது. அவர்கள் பார்த்தார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள். எங்கள் வரி ஒவ்வொன்றிலும் ஏழெட்டுப் புள்ளி இருக்கும். கையில் கிடைத்திருந்தால் முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும். உங்கள் பேக்கேஜ் மேனேஜரில் ஆர்சிக்கு வழி இல்லாததால் கிடைக்கவில்லை. வெளியீட்டுக்குப் பிறகு சொன்னோம், எழுதியவர்கள் உடனே அடுத்த சிறு பதிப்பில் சரிசெய்தார்கள். ஆனால் அதற்குள் நீங்கள் பழுதுள்ள பதிப்பை எடுத்து, இனி மாறாதபடி உறைய வைத்துவிட்டீர்கள். அது பாதுகாப்புக் குறை இல்லையே, அதனால் புதுப்பிக்க மாட்டோம் என்பது உங்கள் விதி. அந்த விதியோடு எனக்குச் சண்டை இல்லை. உறைய வைக்கும் முன் எங்களைப் பார்க்க விடுங்கள் என்பதுதான் பேச்சு.

சோதனைக்கென்று கடையில் ஒரு கோப்பு வைத்திருக்கிறேன். அதில் 'ஸ்ரீ' இரண்டு விதமாக இருக்கும். ஒன்று ஸகரத்தில் தொடங்குவது, இன்னொன்று 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்குவது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. பிறகு க்ஷ, ஔகாரம், தடித்த எழுத்தில் புள்ளிகள், வரி முடிவில் மெய்யெழுத்து தனியாக விழுகிறதா என்று பார்க்க ஒரு நீளமான பத்தி. கடைசியில் குறுணி, பதக்கு போன்ற பழைய நெல் அளவைக் குறிகள். 2019-இல் யூனிகோட் 12-இல் சேர்ந்தவை. பழைய நிலக்கணக்கை அச்சிட வருகிறவர்கள் எங்கள் ஊரில் உண்டு. ஒரு மென்பொருளின் புதுப் பதிப்பில் இந்தக் கோப்பைத் திறந்து பிடிஎஃப் ஆக்கிப் பார்க்க ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகாது. எந்த விநியோகத்தின் தானியங்கிச் சோதனையிலும் இதை நான் கண்டதில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது வரி. சோதனைக் களஞ்சியம் முழுவதையும் இயக்கிக்கொள்ளலாமாம்.

எங்கள் தொழிலில் கண்ணீர் அஞ்சலி என்று ஒன்று இருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் போன் வரும். விடிவதற்குள் போஸ்டர் சுவரில் ஏற வேண்டும், காலையில் எடுப்பு. பிரிண்டர் டிரைவர் இன்று ஒத்துழைக்கவில்லை என்று இழவு வீட்டில் போய்ச் சொல்ல முடியாது. அதனால் இயங்குதளத்தின் மையமான கெர்னல், பிரிண்டரை ஓட்டும் கப்ஸ், திரை டிரைவர், எழுத்துரு நிரலகங்கள் எல்லாம் பழையதாக, அலுப்பூட்டும் அளவுக்கு நம்பகமாக இருக்க வேண்டும். அந்த வகையில் நீங்கள் தரும் நிலைத்தன்மைக்கு நான் ரசிகன். அதே கணினியில் ஒரே ஒரு மென்பொருள் மட்டும் அடுத்த பதிப்புக்குப் போக வேண்டும் என்பதுதான் தேவை. நீங்களோ ஒன்று எதுவும் வேண்டாம் என்கிறீர்கள், இல்லையென்றால் எல்லாவற்றையும் எடு என்கிறீர்கள்.

மயிலாடுதுறையில் இதே தொழில் செய்யும் நண்பர் நீங்கள் சொன்னபடியே செய்தார். ஒரு மென்பொருளுக்காகச் சோதனைக் களஞ்சியத்தை இயக்கினார். அது நூற்றுக்கணக்கான பேக்கேஜ்களை மாற்றிவைத்தது. மறுநாள் பிரிண்டர் வெற்றுத் தாளாகத் தள்ளியது. வைகாசி மாதம், முகூர்த்தம் வரிசை கட்டி நிற்கிறது. பழைய நிலைக்குத் திரும்ப வழி தேடினார், கிடைக்கவில்லை. மொத்தமாக அழித்துப் புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று. அவர் நிறுவியது விண்டோஸ், பேஜ்மேக்கர் 7. அவரை மறுபடி லினக்ஸ் பக்கம் இழுக்க என்னால் முடியாது. உங்களாலும் முடியாது என்றே நினைக்கிறேன்.

மயிலாடுதுறை போகும் இதே ரோட்டில்தான் ஆடுதுறை. 1922-இலிருந்து அங்கே நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஏடிடி 36, ஏடிடி 43 என்று டெல்டாக்காரர் சொல்லும் ரகமெல்லாம் அங்கிருந்து வந்தவை. ஒரு ரகத்துக்கு அப்படிப் பெயர் சூட்டி வெளியிடும் முன், அது வெறும் எண்ணோடு 'கல்ச்சர்' என்ற நிலையில் இருக்கும்போதே, பல ஊர் விவசாயிகளின் வயலில் போட்டுப் பார்க்கிறார்கள். விருப்பமுள்ளவர் கொஞ்சம் நிலத்தில் அதைப் போடுவார். மீதி நிலத்தில் தெரிந்த ரகம் நிற்கும். கல்ச்சர் சொதப்பினாலும் அந்த வருஷச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. வேதாரண்யம் பக்கத்து உப்புத்தண்ணீரில் அது எப்படிக் கதிர் பிடிக்கும் என்பது ஆடுதுறைப் பாத்தியில் தெரியாது, அங்கே போட்டால்தான் தெரியும். உங்கள் இரண்டாவது வரியை இங்கே ஒரு விவசாயியிடம் சொன்னால், இருக்கிற நிலம் முழுவதும் கல்ச்சரைப் போடு, இல்லையென்றால் பார்க்காதே என்று அர்த்தமாகும்.

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. டெபியன் என்ற விநியோகத்தில் 'எக்ஸ்பெரிமென்டல்' களஞ்சியத்தைப் பட்டியலில் சேர்த்துவைத்தால் மட்டும் எதுவும் மாறாது. வழக்கமான களஞ்சியத்துக்கு முன்னுரிமை எண் 500, அதற்கு வெறும் 1. பெயர் சொல்லிக் கேட்ட பேக்கேஜ் மட்டும்தான் அங்கிருந்து வரும். ஸ்னாப் என்ற பேக்கேஜ் முறையில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஸ்டேபிள், கேண்டிடேட், பீட்டா, எட்ஜ் என்று நாலு படி. வேண்டிய படியில் ஏறலாம், இறங்கலாம். ஃபிளாட்ஹப் என்ற மென்பொருள் தளத்தில் பீட்டாவுக்கென்று தனிக் களஞ்சியம். படம் திருத்தும் மென்பொருளான கிம்ப்பின் 3.0 வந்தது 2025 மார்ச்சில். அதற்கு முன் 2020 கடைசியிலிருந்து 2.99 என்ற எண்ணில் சோதனைப் பதிப்புகள் வந்துகொண்டிருந்தன, அந்தக் களஞ்சியம் வழியாக அவற்றை எடுத்துப் பார்க்க முடிந்தது. ஜென்டூ விநியோகக்காரர்கள் ஒவ்வொரு பேக்கேஜாகச் சோதனைப் பதிப்பை அனுமதிப்பதை எத்தனையோ காலமாகச் செய்கிறார்கள். பைத்தான் நிரல்மொழியின் பேக்கேஜ்களை நிறுவும் பிப் கருவியில் அதற்கு ஒரே ஒரு விருப்பச் சொல் போதும்.

உங்கள் தரப்பில் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டிப் போவது நியாயம் இல்லை. 2024 மார்ச் 29 அன்று எக்ஸ்இசட் விவகாரம் வெளியே வந்தது. சுருக்கக் கருவியான எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் பின்கதவு வைத்திருந்தார்கள். அது போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் சோதனைக் களஞ்சியங்களுக்கு; நிலையான பதிப்பில் இருந்தவர்கள் தப்பித்தார்கள். பார்த்தாயா, இதனால்தான் வேண்டாம் என்கிறோம் என்று நீங்கள் சொல்லலாம்.

நான் அதே சம்பவத்தை வைத்துத்தான் எதிர்வாதம் செய்வேன். எக்ஸ்இசட் அடிப்படை நிரலகம். களஞ்சியம் முழுவதையும் இயக்கியவர் கணினிக்குள் அது கேட்காமலே வந்திருக்கும். ஸ்கிரைபஸை மட்டும் சோதனைப் பதிப்பில் கேட்டவரிடம் அது வந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அப்படியானால் நீங்கள் எங்களுக்குக் காட்டும் வழிதான் இரண்டில் அதிக ஆபத்தானது. இன்னொன்று, அந்தப் பின்கதவைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்டும் டெபியனின் நிலையற்ற பதிப்பை ஓட்டிக்கொண்டிருந்தவர்தான். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சில் உள்நுழைவு அரை வினாடி தாமதமாகிறதே என்று நோண்டப் போய்த்தான் குட்டு வெளிப்பட்டது. வெளியீட்டுக்கு முந்தைய பதிப்பை நிஜ வேலைக்கு நடுவே ஒருவர் பயன்படுத்தியதால் மற்ற எல்லாரும் தப்பித்தார்கள்.

கதவை மூடினால் ஆட்கள் சும்மா இருந்துவிடுவார்கள் என்றும் நினைக்க வேண்டாம். எங்கிருந்தோ ஒரு பேக்கேஜ் கோப்பை இறக்கி, நிறுவு என்று சொல்லிவிடுவார்கள். அப்படி நிறுவும்போது உள்ளே இருக்கும் ஸ்கிரிப்ட் ரூட் அதிகாரத்தில், அதாவது கணினி முழுவதையும் மாற்றும் உரிமையோடு ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரியும், அவர்களில் பலருக்குத் தெரியாது. உங்கள் கையெழுத்துச் சாவி இல்லை, யார் கட்டியது என்ற விவரம் இல்லை. கொஞ்சம் விவரமானவர் மூல நிரலை எடுத்துத் தானே கட்டப் பார்ப்பார். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் எங்கள் பக்கம் மின்சாரமும் வலையும் இஷ்டத்துக்குத்தான் வரும். போன் ஹாட்ஸ்பாட்டில், ஸ்கிரைபஸ் சார்ந்திருக்கும் கியூட்டி நிரலகத்தின் வளர்ச்சிக் கோப்புகள் அத்தனையும் இறக்கி, பாதி கட்டும்போது யுபிஎஸ் கத்த ஆரம்பிக்கும். இதையெல்லாம் செய்து முடிப்பவர் இருக்கிறார்கள். அதைத் தகுதித் தேர்வாக வைப்பதில் யாருக்கு என்ன லாபம் என்று புரியவில்லை.

உங்கள் பக்கத்துச் சிரமமும் எனக்குத் தெரியாமல் இல்லை. சோதனைப் பதிப்பை எடுத்தவர் குறை வந்ததும் உங்களிடம் வந்து கத்துவார். நீங்களும் சம்பளமில்லாமல் வேலை செய்கிறவர்கள். இரண்டு பதிப்பைப் பராமரிப்பது இரண்டு மடங்கு உழைப்பு. நிரலகங்கள் ஒன்றோடொன்று பின்னியவை. புது ஸ்கிரைபஸுக்குப் புது கியூட்டி வேண்டுமென்றால் அதை மட்டும் தனியாகப் பிடுங்கி வைக்க முடியாது. ஆர்ச் போன்ற விநியோகங்களில் பாதிப் பாதியாகப் புதுப்பிப்பதை ஆதரிப்பதில்லை என்று சொல்வது இதனால்தான். ஒத்துக்கொள்கிறேன். இந்த மென்பொருளுக்கு இப்போது முடியாது, காரணம் இது என்று பக்கத்தில் ஒரு வரி போட்டால் அதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு எங்களுக்கு அறிவு உண்டு. எதற்குமே முடியாது என்று மொத்தமாக எடுத்ததைத்தான் ஏற்க முடியவில்லை.

ஆகவே நான் கேட்பது இது.

எடுத்துவிட்ட தேர்வை மென்பொருள் மையத்திலும் கட்டளை வரியிலும் பேக்கேஜ் வாரியாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். இயல்பில் அது அணைந்தே இருக்கட்டும். தேடிப் போய் இயக்குகிறவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். என் அம்மாவின் கணினியில் தற்செயலாக ஒரு பீட்டா வந்து உட்காருவதை நானும் விரும்பவில்லை. கெர்னல், சி நிரலகம், துவக்கி, உள்நுழைவு தொடர்பான எதையும் இந்தத் தேர்வுக்குள் விடாதீர்கள். நுனியில் இருக்கும் செயலிகளும் எழுத்துருக்களும் போதும்.

பதிப்பு எண்ணில் ~ குறியை ஒழுங்காகப் பயன்படுத்துங்கள். 1.6~ஆர்சி1 என்று இருந்தால் அது 1.6-ஐ விடச் சின்னது என்று டெபியனின் கருவிகளுக்கும் ஆர்பிஎம் என்ற பேக்கேஜ் கருவிக்கும் தெரியும். இறுதிப் பதிப்பு வந்ததும் சோதனைப் பதிப்பில் இருப்பவர் தானாக அதற்கு மாறிவிடுவார், மறந்துபோய் ஆர்சியிலேயே வருஷக்கணக்கில் கிடக்க மாட்டார். இது இல்லாமல் அந்தத் தேர்வை மட்டும் திருப்பித் தந்தால் பிரச்சினையில் பாதி அப்படியே இருக்கும்.

திரும்பும் வழி ஒரே பொத்தானில் இருக்க வேண்டும். சோதனைப் பதிப்பு சரிப்படவில்லை என்றால் முந்தைய நிலையான பேக்கேஜ் கணினியிலேயே சேமிப்பில் இருந்து, வலை இல்லாத நேரத்திலும் திரும்ப வர வேண்டும். அப்புறம் கோப்புகள். ஸ்கிரைபஸ் 1.5-இல் சேமித்த கோப்பு 1.4-இல் திறக்காது, பேக்கேஜைத் திருப்பினாலும் வேலை திரும்பாது. முடிந்த இடங்களில் சோதனைப் பதிப்பைத் தனிப் பெயரில், தனி அமைப்புக் கோப்புறையோடு, நிலையானதற்குப் பக்கத்திலேயே நிறுவ விடுங்கள். டெபியனில் ஒருகாலத்தில் ஸ்கிரைபஸின் வளர்ச்சிப் பதிப்புக்கு 'ஸ்கிரைபஸ்-என்ஜி' என்று தனிப் பேக்கேஜே இருந்தது. அது முடியாத மென்பொருளுக்கு, நிறுவும் முன் கோப்பு வடிவம் மாறும் என்ற எச்சரிக்கையைத் தமிழிலேயே காட்டுங்கள். மொழிபெயர்த்துத் தர நான் தயார்.

சோதனைப் பதிப்பிலிருந்து வரும் குறைகள் உங்கள் வரிசையில் கலக்காமல் தனி அடையாளத்தோடு விழும்படி செய்யுங்கள். மென்பொருளை எழுதியவர்களுக்கே நேராகப் போனால் இன்னும் நல்லது. தமிழில் எழுதிய குறையை மொழி புரியவில்லை என்று மூடாதீர்கள். கும்பகோணம், தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் இதே தொழிலில் உள்ள சிலரோடு பேசியிருக்கிறேன். முக்கியமான மென்பொருள்களின் ஆர்சி வரும்போது எங்கள் சோதனைக் கோப்புகளை ஓட்டிப் பார்த்து, உறைய வைக்கும் தேதிக்கு முன் முடிவைச் சொல்வதை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். உங்கள் மேல் விழும் வேலையில் ஒரு பங்கை நாங்கள் எடுக்கிறோம் என்று இதற்குப் பொருள்.

கடைசியாக, மூடிய கோரிக்கையை மறுபடி திறந்து, அடுத்த வெளியீட்டின் அம்சப் பட்டியல் முடிவாகும் முன் பதில் எழுதுங்கள். ஒத்துக்கொண்டால் எந்த வெளியீட்டில் வரும் என்று சொல்லுங்கள். மறுப்பதாக இருந்தால், எந்தப் பேக்கேஜில் எந்தத் தொழில்நுட்பக் காரணத்தால் முடியாது என்று எழுதி மறுங்கள். சாதாரணப் பயனருக்குத் தேவையில்லை என்பதை மட்டும் காரணமாக எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
டிடிபி சென்டர் நடத்தும் ஒரு பயனர்,
கும்பகோணம்